மே மாதப் பயிற்சியா, ஓராண்டு அப்ரென்டிஸா? பள்ளி மாணவரைப் பட்டறைக்கு எடுக்கும் முன்

பிளஸ் டூ பரீட்சை முடிகிற வாரத்தில் கோவையின் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைகளுக்கு அப்பாக்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "பையன் லீவுல சும்மாதானுங்க இருக்கான், ரெண்டு மாசம் வெச்சுக்குங்க, ஏதாவது கத்துக்கட்டும்" என்பார்கள். பட்டறைக்காரர் மனதிலும் ஒரு கணக்கு ஓடும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற சி.என்.சி. மெஷினுக்கு ஆபரேட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. கிடைத்தவரும் கொஞ்சம் கூடுதலாகத் தருகிற இடத்துக்குப் போய்விடுகிறார். சின்ன வயதிலேயே ஒரு பையனைப் பழக்கிவிட்டால் நம்மோடு இருப்பானே என்று நினைப்பார். இரண்டு பக்கமும் நல்லெண்ணம்தான். ஆனால் எந்த வழியில் எடுக்கிறோம் என்று யோசிக்காமல் "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வழி மூன்று இருக்கிறது. கோடை விடுமுறையில் நாலைந்து வாரம் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் பயிற்சி கொடுக்கலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு அப்ரென்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, ஓராண்டு வைத்துக்கொள்ளலாம். அல்லது ஐ.டி.ஐ.யில் சேரச் சொல்லி, படித்து முடித்த பிறகு அப்ரென்டிஸாக எடுக்கலாம். இது போக, 'டிரெயினி' என்று பெயரை மட்டும் வைத்துவிட்டு ஹெல்பர் வேலை வாங்குவதும் நடைமுறையில் இருக்கிறது. அதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பத்திலிருந்து முப்பது பேர் வேலை செய்கிற மெஷினிங் பட்டறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் ஹெச்.ஆர். இருக்கிறது, பயிற்சிக்கென்றே தனி ஷெட் இருக்கிறது. அவர்கள் கணக்கு வேறு.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டியது வயது. பிளஸ் ஒன் முடித்தவருக்கு 16 அல்லது 17 இருக்கும். பிளஸ் டூ முடித்தவர்களிலும் பலருக்கு ஏப்ரலில் 18 நிறைந்திருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. 14 வயதுக்குக் கீழே என்றால் வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முடிந்து 18 நிறையாதவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம். அது 2016-இல் கொண்டுவந்த திருத்தம். இவர்களை வேலைக்கு வைக்கலாம், ஆனால் அபாயகரமான தொழில்களில் வைக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் சுரங்கமும் வெடிமருந்தும் மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நடக்கிற வார்ப்படம் (ஃபவுண்டரி), எலக்ட்ரோபிளேட்டிங், உலோகத்தைக் கிரைண்டிங் பிடிப்பது எல்லாம் அபாயகரமான செயல்முறைகளில் வருகின்றன. ஃபவுண்டரி வைத்திருப்பவருக்குப் பதினேழு வயதுப் பையன் சரிப்பட மாட்டான், எந்தப் பெயரில் எடுத்தாலும். மெஷினிங் பட்டறையிலும் கிரைண்டர் பக்கம் அவனை விடக் கூடாது.

அடுத்தது நேரம். வளரிளம் பருவத்தினரைத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன் பிறகு ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கிடையாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு நாள் முழு விடுமுறை. அதாவது காலை 9-க்கு வந்தால் 12-க்கு நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு 1-க்குத் தொடங்கி, 3 மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எட்டரை முதல் ஐந்தரை வரை ஓடுகிற ஜெனரல் ஷிப்டில் இவர்களைச் சேர்க்க முடியாது. அபாயகரமான வேலையில் இவர்களை வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வேலை இல்லைங்க, பயிற்சிதான்' என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் முன்னால் நின்று பீஸ் எடுக்கிற பையனைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரிடம் அது எடுபடாது. எடுபட்டாலும்கூட, வளர்கிற பிள்ளை எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

கோடைப் பயிற்சிக்கு வருவோம். நாலைந்து வாரத்தில், நாளுக்கு ஐந்து மணி நேரத்தில் ஒரு மாணவர் கற்றுக்கொள்ளக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம், ஆனால் நாம் எதிர்பார்க்கிற விஷயங்கள் அல்ல. வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து நம்பகமாக அளக்கப் பழகிவிடுவார். டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வார். அரம் வைத்துப் பிசிர் எடுப்பது, எம்.எஸ்., இ.என்.8 என்கிற எஃகு வகைகள், அலுமினியம் என்று ராடைப் பார்த்துப் பிரித்து வைப்பது, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் நிரப்புவது, இதெல்லாம் வந்துவிடும். மெஷினில் டூலின் அளவைத் திருத்தி ஆஃப்செட் கொடுக்கவோ, ஒரு ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்து செட்டிங் போடவோ வராது, வர வேண்டியதும் இல்லை. லாபக் கணக்கில் பார்த்தால் அந்த மாதம் உங்களுக்கு நஷ்டம்தான். அனுபவமுள்ள ஒருவருடைய நேரத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது இதற்குப் போகும். அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். "சம்மர்ல நாலு பசங்க வந்தா பெண்டிங் ஜாப் எல்லாம் முடிஞ்சிடும்" என்கிற எண்ணத்தோடு எடுப்பவர்கள், இரண்டாம் வாரமே அவர்களைப் பேக்கிங்குக்கும் கூட்டுவதற்கும் அனுப்பிவிடுகிறார்கள். பையன் வீட்டில் போய் என்ன சொல்வான்? 'பட்டறை வேலைன்னா கூட்டுறதுதான்' என்று. அதோடு இந்தத் தொழில் ஒரு நல்ல ஆளை இழந்துவிட்டது.

யாரை எடுப்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தெரிந்தவர் மகன், உறவுக்காரர் மகன் என்று எடுப்பதைவிட, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். லேத் என்றால் என்ன என்று அவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள், ஓடுகிற லேத்தைக் கிட்டே நின்று பார்க்கத் தவிக்கிறவர்கள். அங்கே தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருப்பார். பெற்றோருக்கும் உங்களுக்கும் நடுவில் பேசுவதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

பணம் தர வேண்டுமா? கட்டாயம் தாருங்கள் என்பது என் முடிவு. பஸ் செலவும் சாப்பாடும் மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் அளந்து கொடுத்த பீஸ் உங்கள் வாடிக்கையாளருக்குப் போகிறது என்றால், அந்த வேலைக்குக் காசு உண்டு. வாரக் கடைசியில் கையில் வாங்குகிற முதல் சம்பளம் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

கோடைப் பயிற்சியின் குறை, அது ஜூனில் முடிந்துவிடும். பிளஸ் ஒன் பிள்ளை பள்ளிக்குத் திரும்பிவிடும். பிளஸ் டூ முடித்தவர் மே மாதம் ரிசல்ட் வந்ததும் கவுன்சிலிங், கல்லூரி என்று போய்விடுவார். நீங்கள் தருகிற சான்றிதழுக்கு வெளியே பெரிய மதிப்பும் இல்லை. ஆனால் ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டீர்கள். நேரத்துக்கு வருகிறாரா, தப்பு செய்தால் மறைக்கிறாரா சொல்கிறாரா, அளவு தப்பினால் முகம் மாறுகிறதா என்பதெல்லாம் எந்த இன்டர்வியூவிலும் தெரியாது. அவரும் உங்களைப் பார்த்துவிட்டார்.

அப்ரென்டிஸ் வழி இதிலிருந்து முற்றிலும் வேறு. இங்கே ஒப்பந்தம் இருக்கிறது, அதை அரசின் அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும். 18 நிறையாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தபட்ச வயது 14, அபாயகரமான தொழிலுக்கு 18. ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்து 30 பேரும் அதற்கு மேலும் இருக்கிற நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் வைத்தே ஆக வேண்டும் என்று 2019-இல் விதி மாறியது. 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். நம்மில் பலரும் இந்த விருப்பக் கட்டத்தில்தான் இருக்கிறோம், அதனாலேயே இதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலும் இருந்துவிடுகிறோம்.

உதவித்தொகையைப் பாருங்கள். 2019 விதிப்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் 6,000 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000. 2016-இல் தொடங்கிய என்.ஏ.பி.எஸ். என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இதில் கால் பங்கை அரசு தருகிறது, ஆனால் 1,500-க்கு மேல் தராது. 7,000-இல் கால் பங்கு 1,750 என்றாலும் வருவது 1,500தான். மிச்சம் 5,500 உங்கள் கையிலிருந்து. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரென்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. எனவே கையெழுத்துப் போடுகிற அன்று போர்ட்டலில் என்ன தொகை இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்ரென்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. அடிபட்டால் நஷ்டஈடு தருகிற பொறுப்பு முதலாளியுடையது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதனால் விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் விட வேண்டும். கோடைப் பிள்ளைகளுக்கும் அதேதான். வருடப் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் மெஷினில் மாட்டுகிற வெட்டு முனைகள் அடங்கிய ஒரு இன்செர்ட் பாக்ஸ் விலை அதிகமாக இருக்கும்.

சட்டம் அப்ரென்டிஸைத் தொழிலாளர் என்று சொல்வதில்லை, பயிற்சி பெறுபவர் என்கிறது. முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. முதலாளிகளுக்கு இந்த இரண்டும் பிடித்த விஷயங்கள். ஆனால் இதற்கு மறுபக்கம், பாடத்திட்டப்படி கற்றுக்கொடுக்க வேண்டும், முடிவில் தேர்வு எழுத வைக்க வேண்டும். பள்ளியிலிருந்து நேராக வருகிறவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி தர வேண்டும். பதினைந்து பேர் இருக்கிற பட்டறையில், எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த அடிப்படைப் பயிற்சியை யார் கொடுப்பது? நிறைய பேர் வழுக்குவது இங்கேதான்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்திருப்பதற்கும் காரணம் இதுதான். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் மூன்றும் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் படிப்பு, வெல்டர் ஒரு வருடம். பத்தாம் வகுப்பு முடித்தவரே சேரலாம். முடித்து வருகிறவருக்கு அடிப்படைப் பயிற்சி முடிந்திருக்கும், பெரும்பாலும் 18-உம் நிறைந்திருக்கும், வயது பற்றிய கட்டுப்பாடுகள் விலகிவிடும். ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 2019 விதியில் உதவித்தொகை எவ்வளவு? அதே 7,000. இரண்டு வருடம் அரம் பிடித்து, லேத் ஓட்டி வந்தவருக்கும், நேற்றுப் பள்ளிச் சீருடையைக் கழற்றியவருக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்றுதான். பட்டறைக்காரர் பார்வையில் எது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000-த்தோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை என்பது என் கருத்து. அது குறைந்தபட்சம் மட்டும்தான், கூடுதலாகத் தர எந்தத் தடையும் இல்லை.

பையன் பக்கமிருந்து பார்த்தாலும் இது நல்ல வழி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் கோவையில்தான் தொடங்கிவைத்தார். ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கிறவர்களுக்கும் இது உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளையை நேராக அப்ரென்டிஸாக இழுத்தால், படிப்புக்காக வரக்கூடிய இந்தப் பணத்தையும் படிப்பையும் ஒருசேர அவரிடமிருந்து எடுக்கிறோம். தமிழ்நாட்டில் 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28 சொச்சம். இந்த ஊரில் அப்பா அம்மா பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், நினைக்கத்தான் வேண்டும். "படிச்சு என்னங்க ஆகப்போகுது, எங்க கூட வந்தா மூணு வருஷத்துல செட்டர் ஆயிடுவான்" என்று பேசி அழைத்து வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்தியே ஆக வேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு மட்டும் நேரடி அப்ரென்டிஸ் ஒப்பந்தம் நல்ல வழி. அவருக்கு அது ஒரு சான்றிதழையாவது கையில் கொடுக்கும்.

இப்போது 'டிரெயினி' என்கிற அந்த நாலாவது விஷயம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் என்ன நடந்தது என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. பதின்ம வயதுப் பெண்களை அப்ரென்டிஸ் என்று சொல்லி மூன்று வருடத்துக்கு எடுத்தார்கள். முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்றார்கள். விடுதியை விட்டு வெளியே போக விடவில்லை. இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. அங்கே கற்றுக்கொடுத்தது என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நடந்தது முழு உற்பத்தி வேலை. பயிற்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டங்களே சாட்சி. நம் பட்டறையில் அந்த அளவுக்கு நடக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல், கற்றுக்கொடுக்க ஆளும் இல்லாமல், பாதிச் சம்பளத்துக்கு 'டிரெயினி' வைத்திருப்பவரும் செய்வது அதே காரியம்தான், அளவு மட்டும் சின்னது. ஹெல்பர் வேண்டுமென்றால் 18 நிறைந்தவரை ஹெல்பர் சம்பளத்துக்கு எடுத்துவிட்டுப் போகலாமே.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் எடுக்கலாமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு. பள்ளி மாணவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று வழிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: உங்கள் பட்டறையில் கற்றுக்கொடுக்கிற ஆள் யார்? பெயர் சொல்ல முடிகிறதா? நன்றாக வேலை தெரிந்த செட்டர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பிவிடக் கூடாது. கையால் செய்வது அவருக்குப் பழகிப்போய்விட்டது, வாயால் சொல்ல வராது. இன்னொன்றும் உண்டு. 'இந்தப் பையனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டா நாளைக்கு நம்மள வேண்டாம்னு சொல்லிடுவாங்களோ' என்ற பயம் பழைய ஆட்களுக்கு உள்ளுக்குள் இருக்கும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, கற்றுக்கொடுக்கிற மாதங்களுக்கு மாதச் சம்பளத்தோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. அவரைப் பொறுத்தவரை அது பணத்தைவிட மரியாதை. பிள்ளைகள் அவரை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவர் நிற்கிற தோரணையே வேறாகிவிடும்.

அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் இந்த வருடம் யாரையும் எடுக்காதீர்கள். ஆள் இருக்கிறார், ஆனால் வேலை நெருக்கடி என்றால் கோடைக்கு இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளும் இருக்கிறார், வருடம் முழுக்க ஓரளவு நிலையான ஆர்டரும் இருக்கிறது என்றால் ஐ.டி.ஐ. முடித்த ஒருவரை ஓராண்டு அப்ரென்டிஸாக எடுக்கலாம். என்னைக் கேட்டால், இந்தக் கோடையில் வந்துபோன பிளஸ் ஒன் மாணவரை அடுத்த கோடைக்கும் கூப்பிடுங்கள், நடுவில் ஆயுத பூஜைக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ படிக்கப் போனால் படிக்கட்டும். படித்து முடித்துவிட்டு அவராக உங்களைத் தேடி வந்தால், அந்த ஆள் சம்பளத்துக்காக மட்டும் வருகிறவர் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பொண்ணுங்களா? வேண்டாங்க, ரிஸ்க்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அளப்பதிலும் இன்ஸ்பெக்ஷனிலும் ப்ரோகிராமிங்கிலும் அவர்கள் காட்டுகிற நிதானம் பல பட்டறைகளுக்கு இன்னும் தெரியாது. தனிக் கழிப்பறை, மூன்று மணிக்கு வீட்டுக்குப் போக பஸ் வசதி, துப்பட்டாவுக்குப் பதில் கோட், கட்டிய முடி இவை இருந்தால் போதும். சுழல்கிற மெஷினில் கையுறை கூடாது என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கிற இடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் அப்ரென்டிஸும் பயிற்சி பெறுபவரும் அடக்கம். 18-க்குக் கீழே என்றால் ஆண், பெண் இருவருக்கும் போக்சோ சட்டமும் பொருந்தும். இதை உங்கள் ஆட்கள் எல்லோரிடமும் பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாளே நீங்களே சொல்லிவிடுங்கள், சூப்பர்வைசரிடம் விட்டுவிடாதீர்கள்.

காகிதத்தில் என்னென்ன வேண்டும்? கோடைக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தினம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யாரிடம் கற்றுக்கொள்வார், எந்த மெஷினைத் தொடவே மாட்டார், வாரம் எவ்வளவு தருவீர்கள் என்று தமிழில் எழுதி, அப்பாவோ அம்மாவோ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், ஒரு நகல் பள்ளிக்குப் போகட்டும். 18 நிறையாதவர் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் எழுதுகிற பதிவேடு ஒன்றும் வேண்டும். இவற்றையெல்லாம் ஏப்ரலில் தொடங்கினால் நடக்காது. பிப்ரவரியில், செய்முறைத் தேர்வுப் பரபரப்பு கொஞ்சம் அடங்கியதும், பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். போகும்போது உங்கள் செட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.